வாய்க்காலைத் தூர்க்கும் வேளாண்மை

ஏரி கண்டவனையும் கால்வாய் வெட்டியவனையும் கல்லில் பெயர் பொறித்துப் போற்றிய நாடு நம் நாடு. வெட்டிய வாய்க்காலைத் தூர்ப்பது நம் குடியானவர்களுக்குக் குற்றமாகவே தோன்றும். வாய்க்காலில் தூர் வாரவில்லை என்று மனு எழுதாத கிராமம் நம்மிடையே ஏது? ஆயினும் இந்தோனேசியாவில், போர்னியோத் தீவின் தென்பகுதியாகிய கலிமந்தானிலும் சுமத்ராவின் கீழ்க்கரைத் தாழ்நிலங்களிலும், பெரும் பொருட்செலவில் வெட்டிய கால்வாய்களை மீண்டும் பொருள் செலவிட்டு அடைக்கும் வேலை நடந்து வருகிறது. நிலம் தீப்பற்றாமல் இருக்கவும், மண் காற்றோடு கரைந்து மறையாமல் இருக்கவுமே அங்கு வாய்க்காலை அடைக்கின்றனர்.

மண் எரியுமா, மண் காற்றில் கரையுமா என்று வாசகர்கள் ஐயுறலாம். அத்தகைய மண் ஒன்று உண்டு. நிலத்தை நம்பி வாழ்வோரும் கோரையைப் பின்னி வாழ்வோரும் ஒருங்கே அதனால் பாதிக்கப்பட்டிருப்பதால், அதன் கதையைச் சற்று விரிவாகவே இங்கு எழுத முற்படுகிறோம்.

நீரில் சேர்ந்த நிலம்

ஆண்டு முழுவதும் மழை பெய்யும் வெப்பநாடுகளில், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தில் நீர் வடிய வழியின்றித் தேங்கி நிற்கும். அந்நீரிலேயே வேரூன்றி வளரும் காட்டு மரங்கள் இலையும் கிளையும் உதிர்க்கின்றன. பட்டுப்போன வேர்களும் அடியில் கிடக்கின்றன. நீருக்குள் பிராணவாயு மிகக் குறைவாதலால், இவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தம் வேலையை முடிக்க இயலுவதில்லை. பாதி மக்கியதும் மக்காததுமாக அவை அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். இதனையே ‘பீட்’ என்று உலகம் வழங்குகிறது. இந்தோனேசியர் ‘கம்புட்’ என்பர். கேரளத்துக் குட்டநாட்டில் ‘கரி’ நிலம் என்று பெயர் பெற்ற கறுத்துப் புளித்த வயல்களைக் கண்டவர்களுக்கு இம்மண்ணின் இயல்பு ஓரளவு விளங்கும்.

இது சேரும் வேகம் ஆண்டொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டரே. ஓர் ஆள் உயரம் சேர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். நடுக் கலிமந்தானில் சபாங்காவ் ஆற்றை அடுத்த காட்டில் துளையிட்டு எடுத்த மண்ணில், ஒன்பது மீட்டருக்கும் கீழே கிடந்த அடிப்படலம் சுமார் 26,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணித்திருக்கின்றனர்.

இந்நிலத்தின் வடிவம் முக்கியமானது. ஆற்றோரங்களில் தாழ்ந்தும் நடுவில் உயர்ந்தும், கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல் இது அமைந்திருக்கும். ஆற்று நீர் நடுமேட்டுக்கு ஏறாது. அங்கே மழை ஒன்றே நீர்வளம். மழைநீரை மண் பஞ்சு போல் உறிஞ்சி நிறுத்திக்கொள்ளும். அதன் கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்கு நீரே என்றால் மிகையன்று. தேநீர் நிறத்தில் கசியும் அந்நீர் புளிப்பானது, உரச்சத்து அற்றது.

எஞ்சிய ஒரு பங்கில் பெரும்பகுதி கார்பன், அதாவது கரி. ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், ஒரு மீட்டர் ஆழம் என்று கொண்டால், அதில் ஐந்நூறு முதல் அறுநூறு டன் வரை கரி அடங்கியிருக்கும். அதன்மேல் நிற்கும் காட்டைக் காட்டிலும் இது அதிகம். ஆழமோ பல மீட்டர்! தென்கிழக்கு ஆசியாவின் பீட் நிலங்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஹெக்டேர். அவற்றில் 6,850 கோடி டன் கரி உண்டென்றும், அதில் 5,740 கோடி டன் இந்தோனேசியாவிலேயே உண்டென்றும் 2011-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றின் நடுப்படுகையிலும் இத்தகைய பெரு நிலம் உண்டென்பது 2017-இல் அளந்து அறியப்பட்டது. அது பெரும்பாலும் கால்வாய் காணாத நிலம். அதன் மேலும் பலர் கண் விழுந்திருக்கிறது.

பத்து லட்சம் ஹெக்டேரில் நெல்

1984-இல் அரிசியில் தன்னிறைவு எய்திவிட்டதாக இந்தோனேசியா பெருமிதம் கொண்டது. மக்கள்தொகை பெருக, ஜாவாத் தீவின் வயல்கள் நகரங்களாக மாற, அப்பெருமை நீடிக்கவில்லை. எனவே 1995-இல் ஜனாதிபதி சுகார்த்தோ ஒரு மாபெருந் திட்டத்துக்குக் கட்டளையிட்டார். நடுக் கலிமந்தானின் சதுப்புக் காட்டில் பத்து லட்சம் ஹெக்டேரை, நம் கணக்கில் சுமார் இருபத்தைந்து லட்சம் ஏக்கரை, நெல்வயலாக்குவது என்பது திட்டம். காடு வெட்டப்பட்டது. 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நிலமற்ற ஏழைக் குடும்பங்கள் பல ஜாவாவிலிருந்து கப்பலேறி வந்து குடியமர்ந்தன.

நெல் விளைந்ததா எனில், சொல்லிக்கொள்ளும்படி விளையவில்லை. பயிரைத் தாங்கும் சத்து அம்மண்ணில் இல்லை. பீட் மெலிந்த இடங்களில் அடியிலிருந்த கந்தகம் கலந்த களி, காற்றுப் பட்டதும் கடும் புளிப்பை உமிழ்ந்தது. கால்வாய்களின் அமைப்போ அதனினும் வேடிக்கையானது. ஆற்றிலிருந்து ஆற்றுக்கு நேர்கோடாக, நடுமேட்டைப் பிளந்துகொண்டு அவற்றை வெட்டினார்கள். மேட்டின்மேல் ஆற்றுநீர் ஏறுமா? பாசனத்துக்கென்று வெட்டிய கால்வாய்கள் பாசனம் செய்யவில்லை. மேட்டில் நின்ற நீரை இருபுறமும் வடித்துவிட்டன. அம்மண்ணை அறிந்த உள்ளூர் தயாக் மக்களும் பஞ்சார் மக்களும் ஆற்றோர ஓரத்திலேயே சிறு வாய்க்கால் வெட்டிப் பயிரிட்டு வந்தனர். ஆழ்ந்த பீட் மேட்டில் அவர்கள் நெல் நட்டதில்லை. அவர்களைக் கேட்டிருந்தால் திட்டத்தின் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும் என்பது நம் கருத்து. 1999-இல் ஜனாதிபதி ஹபிபி திட்டத்தைக் கைவிட்டார். கால்வாய்கள் மட்டும் நின்றன.

வடிந்த நிலம் 1997-இலேயே தன் விலையைக் கேட்டுவிட்டது. அவ்வாண்டு எல் நினோ என்னும் பருவமாற்றத்தால் மழை பொய்த்தது. நிலந் திருத்த வைத்த நெருப்பு காய்ந்த மண்ணுக்குள் இறங்கியது. இத்தீ சுடர்விட்டு எரிவதில்லை. உமிமூட்டத்தைப் போல் உள்ளே கனன்று, மாதக்கணக்கில் புகையும். மேலே நீரூற்றினால் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பெருமழை ஒன்றே அதை முற்றிலும் அணைக்கும். சூசன் பேஜ் என்னும் ஆராய்ச்சியாளரும் துணைவர்களும் 2002-இல் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாண்டில் இந்தோனேசியாவின் பீட்டிலும் காட்டிலும் எரிந்து போன கரி 81 கோடி டன்னுக்குக் குறையாது, 257 கோடி டன் வரை இருக்கலாம். உலகம் முழுவதும் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிட்ட கரியில் 13 முதல் 40 சதவீதத்துக்கு இது சமம். 2015-இல் மீண்டும் ஒரு எல் நினோ வந்தது. அந்நாட்டில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 1,600 கோடி டாலர் நஷ்டம் என்று உலக வங்கி மதிப்பிட்டது. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவ்வாண்டு புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடினார்கள்.

புகையின்றி எரிதல்

தீயைக் காட்டிலும் கவனத்துக்குரியது தீயில்லாத எரிப்பு. நீர் வடிந்ததும் மண்ணிடுக்குகளில் காற்றுப் புகுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கைகட்டி இருந்த நுண்ணுயிர்கள் விழித்துத் தின்னத் தொடங்குகின்றன. மண்ணில் இருந்த கரி, கரியமில வாயுவாகி வானேறுகிறது. வெப்பநாடாதலால் வேகமும் அதிகம். நீரை வடித்து எண்ணெய்ப் பனை பயிரிட்ட ஒரு ஹெக்டேர் பீட்டிலிருந்து ஆண்டுதோறும் 11 டன் கரி, அதாவது சுமார் 40 டன் கரியமில வாயு வெளியேறுவதாகப் பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேச அரசாங்கக் குழு 2013-ஆம் ஆண்டுக் கைந்நூலில் வகுத்திருக்கிறது. ஏக்கருக்கு 16 டன் என்று கொள்ளலாம். காகிதக் கூழுக்காக வேலமர இனமாகிய அக்கேசியா நட்ட நிலத்துக்கு இது ஏறத்தாழ இருமடங்கு. ஒரே ஆண்டில் நின்றுவிடும் செலவன்று இது. பீட் தீரும்வரை ஆண்டுதோறும் தொடரும்.

மண் கரைவதைக் கண்ணாலும் காணலாம். சுமத்ராவின் தோட்டங்களில் அளந்தபோது, நீர் வடித்த முதல் ஐந்தாண்டுகளில் நிலமட்டம் சராசரி 1.42 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதன்பின் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டராகத் தாழ்ந்துகொண்டே போயிற்று. வேர் வெளியே தெரிய, மரங்கள் ஒருபுறம் சாய்ந்து நிற்கும். நிலம் தாழ்ந்ததும் நீர் மறுபடி அருகில் வந்துவிடும். வாய்க்காலை இன்னும் ஆழப்படுத்த வேண்டும். நிலம் இன்னும் தாழும். கடலோரத்தில் இவ்வாட்டம் எதுவரை செல்லும்? ஆற்று மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் நிலம் இறங்கியபின் நீர் வடிய வழியே இராது. பனை பயிரிட்டவருக்கும் அன்று பயிர் இல்லை.

மற்றொரு வழியாகவும் கரி வெளியேறுகிறது. நீரில் கரைந்து கால்வாய் வழியே கடலுக்குப் போகும் கரி, குலைக்கப்பட்ட சதுப்பில் ஒன்றரை மடங்காக இருப்பதையும், அதில் பல நூற்றாண்டுப் பழமையான கரி கலந்திருப்பதையும் 2013-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. பழங்காட்டு நீரில் செல்வதோ அண்மையில் உதிர்ந்த இலையின் கரி.

அணை கட்டும் முறை

வடித்ததால் வந்த கேட்டை நீர் நிறுத்தி மாற்றலாம் என்பது எளிய எண்ணம். செய்கையில் அவ்வளவு எளிதன்று. பீட் மண் இளகியது, நீர் கசிவது. பெரிய அணை ஒன்றைக் கட்டி நீரை உயர்த்தினால், அது அணையைச் சுற்றிக்கொண்டும் அடியில் துளைத்துக்கொண்டும் ஓடிவிடும். ஆகையால் படிக்கட்டு இறங்குவது போல், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல சிற்றணைகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் சிறிதளவே வேறுபடும்படி செய்கின்றனர். காலாம் என்னும் சதுப்பு மரத்தின் கம்பங்களை இரு வரிசையாக அடித்து, இடையில் மண்மூட்டைகளை அடுக்கி, நடுவில் மிகுநீர் வழிய வாய் விடுவது வழக்கம். அடைப்புக்குப் பஞ்சார் உழவர்கள் ‘தபாட்’ என்பர். கோடை நெருங்கும்போது வாய்க்காலை அடைத்து வயலில் நீர் நிறுத்த அவர்கள் முன்னோர் கையாண்ட உபாயம் அது. எஞ்சினீயர்கள் அதனைப் பெரிதாக்கினர் என்றே சொல்லலாம்.

2015-ஆம் ஆண்டுத் தீக்குப்பின், 2016 ஜனவரியில் ஜனாதிபதி ஜோகோ விடோடோ பீட் நிலச் சீரமைப்புக்கென ஒரு தனி நிறுவனத்தை அமைத்தார். ஏழு மாகாணங்களில் இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேல் சீர்செய்வது அதன் இலக்கு. அவ்வாண்டுச் சட்டவிதி, பயிரிடும் பீட் நிலத்தில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கலாகாது என்றது.

பலன் எவ்வளவு?

உலகின் பல பகுதிகளில் அளந்தவற்றைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வின் முடிவு இது: பயிர் செய்யும் பீட் நிலத்தில் நீர்மட்டத்தை ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயர்த்தும்போதும், ஹெக்டேருக்கு ஆண்டொன்றில் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பப் பாதிப்பு குறைகிறது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் வரும்வரை இக்கணக்கு பொருந்தும். ஆகவே 40 சென்டிமீட்டர் விதி சமரசமே. அவ்வாழத்திலும் மேல்மண் கரைந்துகொண்டுதான் இருக்கும். பனையின் வேர் அழுகாமலும் மண் விரைந்து எரியாமலும் இருக்க இரு தரப்பும் ஒத்துக்கொண்ட அளவு அது. விதி வகுத்தவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் 40 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் கரி காக்கப்பட்டது என்று யாரும் கணக்கெழுதக் கூடாது.

நீர் மேலும் ஏறினால் வேறொரு வாயு எழுமே என்பார் உளர். உண்மை. பிராணவாயு இல்லாச் சேற்றில் மீதேன் என்னும் சதுப்பு வாயு பிறக்கிறது. வெப்பத்தைத் தேக்குவதில் அது கரியமில வாயுவினும் பன்மடங்கு வலியது. ஆயினும் மரக்கட்டை மிகுந்து புளித்த வெப்பநாட்டுப் பீட்டில் அது ஓரளவே எழுகிறது. எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வானில் சிதைந்துவிடுகிறது. கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் தங்கும். கூட்டிக் கழித்தால் அடைப்பதே இலாபம் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய வேற்றுமை இல்லை.

பலன் ஒரே நாளில் வருமென்று எண்ணலாகாது. நடுக் கலிமந்தானின் தலைநகர் பலங்காராயாவை அடுத்து, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து ஹிரானோ முதலியோர் உயர்ந்த கோபுரங்களில் கருவி பொருத்தி, 2004 முதல் 2008 வரை மூன்று நிலங்களின் மூச்சை அளந்தனர். வடிக்காத காடு ஹெக்டேருக்கு ஆண்டில் 1.74 டன் கரியை இழந்தது. வடித்த காடு 3.28 டன், வடித்தும் எரிந்தும் போன வெளி 4.99 டன். வடிக்காத காடே இழந்தது ஏன் என்று கேட்கலாம். இடையே வந்த எல் நினோ வறட்சியும், அயலில் எரிந்த தீயின் புகை வெயிலை மறைத்ததும் காரணங்கள் என்றனர். ஒருவன் நிலத்துப் புகை அடுத்தவன் காட்டின் ஒளியை மறைக்கிறது என்பது நம்மைச் சிந்திக்க வைத்த செய்தி.

மேலும், அணை நீரை நிறுத்துமே அன்றிக் காட்டை நடாது. எரிந்த வெளியில் பெரணியும் புல்லும் மண்டும். கோடையில் அவையே அடுத்த தீக்கு விறகு. தாழ்ந்துபோன இடங்களில் மழைக்காலத்தில் ஆழநீர் நின்று கன்றுகளைக் கொல்லும். ஈரத்தைத் தாங்கும் ஜெலுத்துங், பலங்கேரான் முதலிய மரங்களை மேடு கூட்டி நட வேண்டியிருக்கிறது. இழந்த மண் மீள ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். எஞ்சியதைக் காப்பதே நம் காலத்தில் ஆகக்கூடியது.

வாய்க்காலோரத்து மக்கள்

இனி மக்கள் பக்கம் வருவோம். கால்வாய் வெட்டி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. சாலையில்லா ஊர்களில் அதுவே சாலை. மீன் பிடிக்கவும், இரப்பர்ப் பாலும் விறகும் கொண்டுவரவும் படகு போக வேண்டும். குறுக்கே அணை எழுந்தால் படகைத் தூக்கி மறுபுறம் இறக்க வேண்டும். சினமுற்றவர் சிலர் இரவில் கம்பத்தைப் பிடுங்கிவிடுகின்றனர். திருட்டு மரம் மிதக்கவிடுவோரும் உடைக்கின்றனர். படகு ஏறிச் செல்லச் சரிவு வைத்துக் கட்டிய அணைகள் பிழைத்தன என்று அறிகிறோம்.

அதனினும் கடினமானது பக்கத்து நிலத்தின் சிக்கல். பீட் மேடு முழுதும் ஒரே நீர்க்கலம். ஒருவர் தம் எல்லைக்குள் வாய்க்கால் வெட்டினால் அடுத்தவர் நிலமும் வற்றுகிறது. ஒருவர் அடைத்தால் அடுத்தவர் பனை நீரில் நிற்கிறது. இந்தோனேசியச் சட்டம் இரு ஆறுகளுக்கிடைப்பட்ட முழு மேட்டையும் ஒரே நீரலகாக வகுத்ததற்குக் காரணம் இதுவே. வேலி அடிப்படையில் உரிமை பெற்றவர்களை நீர் அடிப்படையில் ஒன்றாக உட்கார வைப்பது எளிதோ? இரண்டு ஹெக்டேர் பனையை நம்பிக் கடன்பட்ட சிறு உழவரிடம், உலகின் காற்றுக்காக உன் வருமானத்தை விடு என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. நீர் நிற்கும் நிலத்திலேயே அவருக்குப் பிழைப்பு வேண்டும்.

அத்தகைய பிழைப்புகள் சில அங்கே முன்பே உண்டு. சுமத்ராவின் ரியாவ் மாகாணத்தில், தெபிங் திங்கித் தீவில், சுங்கை தோஹோர் என்று ஓர் ஊர். சாகுப் பனையே அவ்வூரின் வாழ்வு. நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது; ஆதி ஜவ்வரிசியோ இப்பனையின் தண்டைப் பிளந்து, சோற்றைத் துருவி, நீரில் அலசி எடுத்த மாவில் செய்தது. சாகு ஈரமண்ணில் செழிப்பது. அயலில் தோட்டக் கம்பெனி ஒன்று கால்வாய் வெட்டியதும் ஊர்ச் சதுப்பு வற்றியது; 2014-இல் தீயும் புகுந்தது. ஊரார் அழைக்க, அவ்வாண்டு நவம்பரில் ஜோகோ விடோடோவே வந்து சேற்றில் நின்று கால்வாய் அடைப்பில் கைகொடுத்தார். அணைகள் எழுந்தபின் நீர் மீண்டது.

நெசவாள அன்பர்களுக்கு உரியது புருன் கதை. புருன் என்பது பீட் சதுப்பில் ஆள் உயரம் வளரும் கோரை வகை. சதுப்பிலிறங்கி அதை அறுத்து, கட்டாக்கி, வெயிலில் காயவைத்து, உலக்கையால் இடித்துத் தட்டையாக்கி, சாயந் தோய்த்துப் பாய் முடைகின்றனர் பெண்கள். பத்தமடைக் கோரை தறியில் ஏறும். புருன் தறியறியாது, தரையில் அமர்ந்து விரலால் பின்னுவது. தென் சுமத்ராவின் பெதாமாரான் இதற்குப் பெயர் போன ஊர். பாய் நகரம் என்றே அதனைச் சொல்வார்கள். பீட் வடிந்து பனைத்தோட்டம் பரவப் பரவ, புருன் விளையும் சதுப்பு சுருங்கிற்று. அறுக்க நெடுந்தூரம் போக வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் பாய் வேறு சந்தையில் மலிந்தது. பாய்க்குக் கிடைக்கும் விலை ஒரு நாள் கூலிக்கும் கட்டாத நிலையில், பின்னுபவர் மகள் பின்ன வருவாளா என்பதை நம் கைத்தறிக் குடும்பங்கள் நம்மைவிட நன்கு அறியும். கைப்பை, தொப்பி, உறிஞ்சு குழல் என்று புதிய பண்டங்கள் செய்து வெளிச்சந்தை தேடும் குழுக்கள் தோன்றியிருப்பது நல்ல செய்தி. புருனுக்கு வாய்க்கால் வேண்டா, உரம் வேண்டா, நீர் ஒன்றே வேண்டும்.

2019-இல் மீண்டும் வறட்சி வந்து, அந்நாட்டில் 16 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 2015-ஐ நோக்கக் குறைவு, ஆனால் அடைப்பின் பயன் எவ்வளவு, பருவத்தின் கருணை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். 2020-இல் அதே நடுக் கலிமந்தானில், பழைய நெல் திட்டத்தின் எல்லைக்குள்ளேயே, புதிய உணவு உற்பத்தித் திட்டம் ஒன்றை அரசாங்கம் தொடங்கிற்று. சீரமைப்பு நிறுவனத்தின் தவணை 2024 இறுதியில் முடிந்தது. மரக்கம்ப அணைகள் வெயிலிலும் நீரிலும் மாறி மாறி நின்று சில ஆண்டுகளில் உளுத்துவிடுபவை. மண்மூட்டை கிழியும், ஓரம் அரிக்கும். கட்டியதை எண்ணி அறிக்கை எழுதியவர்கள் போய்விட்டனர். ஒவ்வொரு கோடைக்கும் முன் கம்பம் மாற்றி, மூட்டை அடுக்கி, மிகுநீர் வாயைச் சரிசெய்யும் வேலை அணையோரத்து ஊர்களின் தலையில் நிற்கிறது. அதற்குரிய கூலி யாருடைய கணக்கில் ஏறும் என்பதே இப்போது அங்குள்ள கேள்வி.